மொட்டைத் தலையும் பாஸ்போர்ட் படமும்

வெளிநாட்டுப் பயணத்துக்காக எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பாஸ்போர்ட் இருக்கிறதா என்பதல்ல. "போறதுக்கு முன்னாடி மொட்டை போடற வேண்டுதல் ஏதாவது இருக்குதுங்களா?" என்றுதான் கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிடும். திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது என்பது எனக்கு என் அம்மாவாலும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவாலும் தெரிந்தது.

கடை பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. ரயில் டிக்கெட், விமான டிக்கெட், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது, விசா என்று எல்லாம் பார்ப்போம். அரக்கோணத்திலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் வருவார்கள். சர்ச் குழுவோடு ஜெருசலேம் போகிறவர்கள் வருவார்கள். அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருக்கிறவர்கள், நல்ல வியாபாரம் ஆன வருஷம் குடும்பத்தோடு மலேசியா போக வருவார்கள். டிக்கெட்டைக் கையில் கொடுத்ததும் நான் அவர்களை உட்கார வைத்துவிடுவேன். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வேறொரு பையில் வையுங்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மாத்திரையை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டு போங்கள். யார் கொடுத்த பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் விளையாட்டுக்குக்கூட வெடிகுண்டு என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

"டிக்கெட் விக்கச் சொன்னா கிளாஸ் எடுக்கறான்பா இவன்" என்பார் கடை முதலாளி. "கேட்டுட்டு ஒருத்தன் டிக்கெட்டே வேணாம்னு போவப் போறான் பாரு."

நான் ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. நைனா கரும்பு வெட்டப் போகிறவர். சென்னைக்குப் போனால் பஸ்ஸின் பலகையில் எந்த ஊர் என்று யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவார். படிக்கத் தெரிந்தவன் வழி தவறினால் பலகையைப் பார்த்துத் திரும்பிவிடலாம். படிக்காதவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் உண்டு. அதனால் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் படித்தவள் என் தங்கை. நாங்கள் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நர்ஸ் படிப்பு முடித்துச் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கேயே வேலை. இரண்டு வருஷமாக ஊருக்கு வர முடியவில்லை. வீடியோவில் தினமும் பேசுவாள். ஆனாலும் அம்மாவுக்கு ஆறவில்லை.

"மூஞ்சி மட்டும் தெரியுதுடா. எங்க படுக்கறா, இன்னா துன்றா, அடுப்பு எப்டி கீது, ஒண்ணும் தெரியலியே. ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டா போதும் எனக்கு."

போன வருஷம் அதற்கு வழி பிறந்தது. அம்மா, நைனா, நான் மூன்று பேரும் சுற்றுலா விசாவில் பத்து நாள் போவதென்று முடிவாயிற்று. ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன எனக்கு அதன் பிறகுதான் உண்மையான பாடசாலை ஆரம்பமானது.

வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விமானம் ஆக்கினேன். நைனாவின் துண்டுதான் பெல்ட். தையல் மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு நானே குடியேற்ற அதிகாரி ஆனேன்.

"ஹவ் மெனி டேஸ்?"

"டென் டேஸ் சார்" என்றார் நைனா, கையைக் கட்டிக்கொண்டு.

"வேர் ஸ்டே?"

"டாட்டர் ஹவுஸ் சார்."

"கேக்கறது பொம்பளையா இருந்தா?" என்றாள் அம்மா.

"மேடம்னு சொல்லும்மா."

"வேற ஏதாவது கேட்டுட்டா இன்னாடா பண்றது?" என்றார் நைனா.

"பேப்பரக் காட்டு நைனா. பயப்படாத, கதை மட்டும் சொல்லாத."

"நல்லா சொன்ன போ. மூச்சு வுடாம இருக்கச் சொன்னாக்கூட இருந்துடுவாரு, கதை சொல்லாம இருக்க மாட்டாரு உங்க நைனா" என்றாள் அம்மா.

மெல்லும் புகையிலையை அந்த நாட்டுக்குள் கொண்டு போகவே கூடாது என்று சொன்னபோது, பல்லைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னதுபோல நைனா என்னைப் பார்த்தார். பிறகு, "பாப்பாவுக்காக வுட்டுடறேன்" என்றார். விட்டும் விட்டார்.

பொட்டலத்தில்தான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கம் யாராவது வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால், அங்கே இருக்கும் பிள்ளைக்கும் புருஷனுக்கும் ஆளுக்கொரு பொட்டலம் வந்து சேரும். வேண்டாம் என்றால் அது பகை. எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்காரருக்கு ஒரு பை கொண்டுவந்தார். அவர் எதிரிலேயே நான் பிரித்தேன். மசாலாத் தூள், வடகம், அதற்கு அடியில் கசகசா.

"அக்கா, இது மட்டும் வேணாங்க்கா. அங்க கசகசாவ உள்ள வுட மாட்டாங்க. போதை மருந்து கணக்குல சேத்துடுவாங்க."

"இன்னா தம்பி பேசற? கொழம்புக்கு அரைக்கறது. நான் இன்னா கஞ்சாவா குடுத்தனுப்பறேன்?"

"நமக்கு அது கொழம்புதாங்க்கா. அவங்களுக்கு இல்ல. மாட்டிகினா எங்க நைனாதான் உள்ள உக்காருவாரு."

அக்கா முகம் சுருங்கிவிட்டது. அம்மா குறுக்கே வந்து, "குடு இங்க. இத நான் வெச்சிக்கறேன், ஞாயித்துக்கெழம கறிக்கு ஆவும். உன் வூட்டுக்காரருக்கு அதுக்குப் பதிலா நம்ம வூட்டு ஊறுகா தரேன்" என்று பையை வாங்கிக்கொண்டாள். பகை வரவில்லை. எங்கள் வீட்டுக்குக் கசகசா வந்தது.

இப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே வந்தேன். காப்பீடு எடுத்தேன். பாப்பாவின் முகவரியை ஆங்கிலத்தில் எழுதி, பிளாஸ்டிக் ஒட்டி, அம்மாவின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி கயிறு கட்டினேன். அந்த நாட்டுக்குள் போகுமுன் இணையத்தில் கொடுக்க வேண்டிய விவரங்களைக் கொடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியோடு கடைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வீடு திரும்பினேன்.

வாசலில் அம்மாவும் நைனாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் மொட்டை. சந்தனம் பூசிய தலைகள் மாலை வெயிலில் மஞ்சளாக மின்னின.

"இன்னாம்மா பண்ணிகினு வந்த?"

"பாத்தா தெரியல? மலைக்குப் போய் முடி எறக்கிட்டு வந்தோம். பாப்பா மொத வாட்டி ப்ளேன் ஏறுனப்போ வேண்டிகினேன், நல்லபடியா போய்ச் சேந்தா நானும் உங்க நைனாவும் மொட்டை போடறோம்னு. வேலை வேலைன்னு தள்ளிகினே போச்சு. கடலத் தாண்டப் போறோம். சாமிகிட்ட சொன்னத செய்யாம போவ முடியுமா?"

"பாஸ்போர்ட் படத்துல வேற மாதிரி இருக்குதேம்மா! விசாவுக்குக் குடுத்ததும் அதே படம்தான்!"

"மூஞ்சி அதே மூஞ்சிதான்டா" என்றார் நைனா, தலையைத் தடவிக்கொண்டே. "மேல வளந்தது மட்டும்தான் இல்ல."

"மீசை எங்க நைனா?"

"முடி எறக்கறவரு கேட்டாரு, மீசையும் எடுக்கட்டான்னு. சாமிக்குக் குடுக்கறதுல இன்னா மிச்சம் வெக்கறதுன்னு எடுக்கச் சொல்லிட்டேன்."

பாஸ்போர்ட்டை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். படத்தில் இருந்தவருக்கு அடர்ந்த முடி, முறுக்கிய மீசை. என்னை விட்டால் ஊரில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துவிட்டு வருவேன் என்கிற பார்வை. எதிரில் இருந்தவர் அப்போதுதான் குளிப்பாட்டிவிட்ட குழந்தை மாதிரி இருந்தார். அம்மாவின் படத்தில் நடு வகிடும், ஒழுங்காகப் படிந்த கூந்தலும்.

"இப்டி பண்றோம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ இன்சூரன்ஸ் போட்டியே, என்னைக் கேட்டா போட்ட? நான் என் இன்சூரன்ஸ போட்டுகினு வந்தேன்" என்றாள் அம்மா.

சென்னையில் எங்களுக்கு விசா எடுத்துக் கொடுப்பவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தம்பி, எந்த ஊருன்னு சொன்ன?" என்றார்.

"திருத்தணிங்க."

"அந்த ஊர்ல இருந்துகினு இத என்னைக் கேக்கறியே. மொட்டை போட்டவங்க ப்ளேன்ல போறதே இல்லியா? தைரியமா கூட்டிகினு போ. கேட்டா ஒழுங்கா பதில் சொல்லுங்க."

"கண்டிப்பா உள்ள வுட்ருவாங்களாங்க?"

"கண்டிப்பான்னுலாம் நான் சொல்ல முடியாதுப்பா. விசா இருந்தாலும் கடைசில முடிவு பண்றது அங்க நிக்கற ஆபீசர்தான். அவங்க நாடு அது."

போன் ஒலிபெருக்கியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அம்மா அதுவரை கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அப்போ பாப்பாவ பாக்காமயே திருப்பி அனுப்பிடுவாங்களா?"

"அப்டிலாம் ஆவாதும்மா" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. நைனா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "நாடகக்காரன்கிட்ட ஒரு மீசை வாங்கி ஒட்டிகினு போயிடட்டா?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வேற வுழுந்து வெச்சா?" என்றாள். பாப்பாவுக்கு அன்று ராத்திரி டியூட்டி. அதனால் வீடியோ பேச்சு இல்லை. மொட்டை விஷயத்தை அவளிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டாள். சொன்னால் என்னைவிட அதிகமாகத் திட்டுவாளாம்.

மறுநாள் சென்னை விமான நிலையத்தில் ஒரு சிரமமும் இல்லை. அதிகாரி நைனாவின் தொப்பியை எடுக்கச் சொன்னார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "எப்ப போட்டது?" என்றார். "நேத்துங்க சார்" என்றார் நைனா. "வெயில்ல அலையாதீங்க, தலை எரியும்" என்று முத்திரை குத்தினார். எனக்கு அது போதவில்லை. இவர் நம் ஊர்க்காரர். மொட்டை என்றால் என்ன என்று இவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருக்கிறவருக்கு?

சிங்கப்பூரில் இறங்கியதும் காலுக்கடியில் நீளமாகக் கம்பளம். அம்மா செருப்பைக் கழற்றப் போனாள். நான் தடுத்தேன். "பாப்பாவும் இது மேலதான் நடந்து போயிருப்பா இல்ல?" என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

குடியேற்றச் சோதனைக்கு மிஷின் வைத்த தடுப்புக் கதவுகள்தான் இருந்தன. பாஸ்போர்ட்டைக் கண்ணாடியில் வைத்தால் ஒரு கதவு திறக்கும். உள்ளே போய்க் கட்டைவிரலை வைத்து, கேமராவைப் பார்த்தால் அடுத்த கதவு திறக்கும். என்ன நடந்தாலும் கண்ணில் படட்டும் என்று அவர்கள் இரண்டு பேரையும் முன்னால் விட்டு நான் பின்னால் நின்றேன். அம்மா தலையில் கட்டியிருந்த துணியோடு போனாள். விரலை வைத்தாள். கதவு திறந்துவிட்டது. அந்தப் பக்கம் போய் நின்று, "வந்துட்டேன்டா!" என்று கத்தினாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நைனாவுக்குத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் ரேஷன் கடை மிஷினிலும் அவர் விரல் ரேகை விழாது. வருஷக்கணக்காகக் கரும்பு வெட்டி ரேகை தேய்ந்துவிட்டது. விரல் விழாதவர்கள் அங்கே ஒரு வேலை செய்வார்கள். கட்டைவிரலைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு வைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சில சமயம் மிஷின் ஒத்துக்கொள்ளும். நைனா பழக்கத்தில் அதையே செய்தார். தொப்பியைத் தூக்கி, கட்டைவிரலைத் தலையில் அழுத்தித் தேய்த்து, கண்ணாடியில் வைத்தார். காலையில் அம்மா குளிர்ச்சிக்கென்று மறுபடியும் பூசிவிட்ட சந்தனம் அத்தனையும் சிங்கப்பூர் அரசாங்கத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு பெண் அதிகாரி வந்தார். வயது என் தங்கையைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். நைனாவை ஓரத்திலிருந்த மேசைக்குக் கூட்டிப்போனார். தொப்பியை எடுக்கச் சொன்னார். பாஸ்போர்ட்டைத் திறந்து, அந்த மீசைக்காரரைக் காட்டி, இது நீங்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்தக் கேள்வியைத் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டிருக்கவில்லை.

"டென் டேஸ் மேடம்" என்றார் நைனா.

அதிகாரி அதே கேள்வியை மெதுவாக இன்னொரு முறை கேட்டார்.

"டாட்டர் ஹவுஸ் மேடம்."

அந்தப் பக்கத்தில் அம்மாவின் சிரிப்பு போய்விட்டிருந்தது. கழுத்திலிருந்த முகவரி அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டைத் தாண்டாமல் கையைத் தூக்கி, அவர் என் அப்பா, நான் பேசலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அதிகாரி வரச் சொன்னார். எங்கள் ஊரில் மலைமேல் கோயில் இருக்கிறது, மகளுக்காக வேண்டிக்கொண்டு நேற்றுத்தான் முடி கொடுத்தார்கள், அம்மாவும்கூட என்று சொன்னேன். நான் படித்த ஆங்கிலமெல்லாம் அந்த நாலு வாக்கியத்துக்காகத்தான் போலிருந்தது.

"அம்மாவுமா?" என்பதுபோல அவர் புருவத்தைத் தூக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பார்வை புரிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையைக் குனிந்து காட்டினாள். பிறகு விரலால் தன் தலையைச் சுட்டி, நைனாவின் தலையைச் சுட்டி, மேலே வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சிரிப்பை அடக்கினார். ஒரு காகிதத்தை எடுத்து நைனாவின் கட்டைவிரலை அவரே துடைத்தார். கேமராவைப் பார்க்கச் சொன்னார். நைனா ஃபோட்டோ ஸ்டூடியோவில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். கட்டைவிரல் விழவில்லை. வேறு விரல்களை வைத்துப் பார்த்தார்கள். கணினியில் ஏதோ தட்டினார், படத்திலிருந்த காதையும் நைனாவின் காதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், திரும்பவும் தட்டினார். பாஸ்போர்ட்டை மூடி நைனாவின் கையில் கொடுத்து, "வெல்கம், அங்கிள்" என்றார்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ்ளோதானா? போவலாமா?"

"போ நைனா."

"நல்லா இரும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார். மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. பெட்டிகள் வரும் இடத்துக்குப் போனோம். ஒரு பை இன்னும் வரவில்லை. மூன்று பேரும் ஒன்றாகத்தான் வெளியே போக வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா நின்றிருப்பதை அம்மா பார்த்துவிட்டாள். அதற்குமேல் எந்த விதியும் நிற்கவில்லை. நைனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். பை வந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன்.

நான் வெளியே வந்தபோது பாப்பா கழுத்தை எட்டி எட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் எதிரில் அம்மா நிற்கிறாள். பாப்பாவின் பார்வை அம்மாவின் தோளைத் தாண்டிப் போகிறது. பின்னால் வருகிறவர்களைப் பார்க்க வழி இல்லாமல், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆன்ட்டி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஏன்டி, இவ்ளோ தூரம் வந்தவள இன்னாடி இங்கிலீஷ்ல வெரட்டற?"

குரலைக் கேட்டதும் பாப்பா அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது? ரெண்டு பேருமா? அண்ணா, கூடவே இருந்து நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"அவன் கிளாஸ் எடுத்துகினு இருந்தான்" என்றார் நைனா. "என்னை நான்தானான்னு அங்க ஒரு பொண்ணு கேட்டுச்சும்மா. அதாவது பரவால்ல. நீ கேக்கக்கூட இல்ல."

பாப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். வீடு பன்னிரண்டாவது மாடியில். உள்ளே போனதும் அம்மா உட்காரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பைத் திருகிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து முட்டை, தயிர், கீரை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். அரிசி டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். படுக்கை அறைக்குப் போய் மெத்தையை அழுத்திப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தாள். பாப்பா அவள் பின்னாலேயே, "இன்னாம்மா, சோதனை போடறியா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

எல்லாம் முடிந்து கூடத்துக்கு வந்து, நைனாவின் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் காதோரம் சாய்ந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

"நல்லாத்தான்யா கீறா."